சாமணம் எடுக்கக் குனிந்தவன் சொல்வது

குமரி மாவட்டத்து வடசேரியில் கோயில் நகைப் பட்டறையில் நாற்பத்தொரு வருஷம் சம்மணம் போட்டு உட்கார்ந்தவன் நான். ராக்கொடி, சடைநாகம், நெத்திச்சுட்டி, சூரியப்பிறை, சந்திரப்பிறை என்று கெம்புக்கல் பதித்துப் பதித்துக் கண்ணாடி நம்பர் ஏறியது. அது எல்லாரும் எதிர்பார்ப்பதுதான். இடுப்பும் போகும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. இப்போது புதிதாக வரும் பிள்ளைகள் இரண்டு மூன்று வருஷத்திலேயே இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு எழுந்திருக்கிறார்கள். "பாட்டா, உமக்கு டிஸ்க் வந்தப்போ ஆப்பரேஷன் இல்லாம எப்படித் தப்பிச்சீரு?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவனிடமும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிப்பதால் எழுதி வைக்கிறேன். நான் டாக்டர் இல்லை. படுத்துக் கிடந்தவன், பிறகு கேட்டும் படித்தும் கொஞ்சம் தெரிந்துகொண்டவன். தோவாளையில் பூக்கட்டுகிறவர்களுக்கும், தையல் மிஷினில் குனிகிறவர்களுக்கும் இதில் பாதியாவது பொருந்தும்.

1. சாமணத்தைக் குற்றம் சொல்லாதே.

எனக்குப் பிடித்தது ஒரு ஐப்பசிக் காலையில். மார்கழிக் கச்சேரிக்கு ஆடுகிற பிள்ளைகளின் ஆர்டர் குவிந்து கிடந்த நேரம். விடிந்ததும் விடியாததுமாகப் பட்டறைக்குப் போய், கீழே விழுந்த சாமணத்தை எடுக்கக் குனிந்தேன். அதன் எடை என்ன, நாலு புளியங்கொட்டை இருக்குமா? குனிந்தவன் நிமிரவில்லை. இடுப்பில் யாரோ ஆணி அடித்தது மாதிரி இருந்தது. மூன்றாம் நாள் வலி பிட்டத்தில் இறங்கி, தொடையின் பின்புறம் வழியாகப் பெருவிரல் வரை கரண்ட் அடித்தது.

எல்லாரும் அன்றைக்கு எடுத்த பொருளைத்தான் திட்டுவார்கள். டிஸ்க் என்பது முதுகெலும்புக் கட்டைகளுக்கு நடுவே இருக்கும் ஜவ்வு; அதை ஒரு நுங்கு என்று நினைத்துக்கொள். வெளியே நார் நாராகப் பல அடுக்கு, உள்ளே வழுவழுப்பு. வருஷக்கணக்காக முன்பக்கம் குனிந்தே உட்கார்ந்தால் உள்ளே இருப்பது பின்பக்கமாக நெருக்கும், நார் ஒவ்வொன்றாக விடும். கடைசி நார் அறுகிற நேரத்தில் உன் கையில் இருந்தது சாமணமாக இருக்கலாம், சோப்பாக இருக்கலாம். பெரும்பாலும் இது நடப்பது இடுப்பின் கடைசி இரண்டு தட்டுகளில். ரிப்போர்ட்டில் எல்4-எல்5, எல்5-எஸ்1 என்று எழுதியிருக்கும்.

காலை நேரத்துக்கும் இதில் பங்கு உண்டு. ராத்திரி படுத்திருக்கும்போது ஜவ்வு தண்ணீரை உறிஞ்சி உப்பும். எழுந்தவுடன் நாம் எல்லாரும் ஒன்றரை சென்டிமீட்டர் அளவுக்கு உயரம் கூடித்தான் இருப்போம். உப்பிய ஜவ்வை அப்போதே மடக்கினால் அதற்கு அழுத்தம் அதிகம். எழுந்த முதல் இரண்டு மணி நேரம் குனிகிற வேலை வைத்துக்கொள்ளாதே. முற்றம் பெருக்குவதும், வாளித் தண்ணீர் தூக்குவதும், பட்டறையில் குனிந்து உட்காருவதும் அதற்குப் பிறகு.

2. இந்த அடையாளங்கள் இருந்தால் என் எழுத்தை மடித்து வைத்துவிட்டு நேரே ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரிக்குப் போ.

மூத்திரம் போக முடியாமல் அடைக்கிறதா, அல்லது தெரியாமல் போய்விடுகிறதா? மலம் கட்டுப்பாடு இல்லையா? சைக்கிள் சீட்டில் படும் இடம் முழுக்க மரத்துப்போயிருக்கிறதா? இவற்றில் ஒன்று இருந்தால் அன்றைக்கே போக வேண்டும், ராத்திரி என்றாலும். வால் நரம்புக் கட்டு முழுசாக நசுங்குகிறது என்று அதற்கு அர்த்தம். அதற்குக் கத்திதான் மருந்து, தாமதித்தால் திரும்பாது. பாதம் தூக்க முடியாமல் செருப்பு தரையில் தேய்ந்துகொண்டு வந்தாலும் தள்ளிப்போடாதே. காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, ராத்திரி படுத்தால் கூடுகிற வலி, முன்பு புற்றுநோய் வந்த உடம்பு, முதுமையில் விழுந்து அடிபட்டது, இவற்றில் ஒன்று இருந்தாலும் காட்டித்தான் ஆக வேண்டும். நம் நாட்டில் டி.பி. முதுகெலும்பிலும் வரும், அதை மறந்துவிடக் கூடாது.

இது ஒன்றும் இல்லையென்றால் உனக்கு நேரம் இருக்கிறது. மேலே படி.

3. ஸ்கேன் எடுக்க ஓடாதே. எடுத்துவிட்டால் ரிப்போர்ட்டை நீயே படிக்காதே.

வலி வந்த மறுநாளே எம்.ஆர்.ஐ. எடுக்கிற பழக்கம் இப்போது நம் ஊரில் கல்யாணத்துக்குப் பட்டு எடுக்கிற மாதிரி ஆகிவிட்டது. அதில் வருகிற வார்த்தைகளைப் பார்த்தால் ஆரோக்கியமானவனுக்கே கால் மரக்கும். தேய்மானம், பிதுக்கம், அழுத்தம், விலகல்.

2015ல் அமெரிக்காவிலிருந்து ஒரு தொகுப்பாய்வு வந்தது. இடுப்பு வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களைச் சேர்த்துப் பார்த்தார்கள். இருபது வயசுக்காரர்களில் 37 சதவீதம் பேருக்கு ஜவ்வுத் தேய்மானம் இருந்தது. எண்பது வயசில் 96 சதவீதம் பேருக்கு. பிதுக்கம் இருபதில் 30 சதவீதம், எண்பதில் 84. அத்தனை பேரும் வலியில்லாமல் நடமாடிக்கொண்டிருந்தவர்கள். நரை மாதிரிதான் இது. தலை நரைத்திருக்கிறது என்பதற்காகத் தலைவலிக்கு நரையைக் காரணம் சொல்வோமா?

டாக்டர் உன் காலைத் தூக்கிப் பார்த்து, பெருவிரலை மடக்கச் சொல்லி, ஊசியால் தொட்டுப் பார்த்த பிறகு, அவருக்குத் தோன்றுகிற இடமும் ஸ்கேன் காட்டுகிற இடமும் பொருந்தினால்தான் அந்தப் படத்துக்கு மதிப்பு. அடையாளம் எதுவும் இல்லாதவன் ஆறு வாரம் பார்த்துவிட்டு எடுக்கலாம். எனக்கு யாரும் இதைச் சொல்லாததால் நாலாம் நாளே எடுத்தேன், பதினைந்து நாள் தூக்கம் போனது. அந்தப் பதினைந்து நாளில் வலியைவிட அந்த ஸ்கேன் உறைதான் என்னை அதிகம் வதைத்தது.

4. கிழிந்த ஜவ்வு அப்படியே இருக்காது.

எனக்கு ஆச்சரியமாக இருந்த செய்தி இது. பிதுங்கி வெளியே வந்த துண்டை உடம்பு அந்நியப் பொருளாகப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். அதே 2015ல் வந்த இன்னொரு தொகுப்பாய்வில், முழுசாகத் துண்டாகி விழுந்தவற்றில் 96 சதவீதமும், நன்றாக வெளியே தள்ளியவற்றில் 70 சதவீதமும் தானாகவே சுருங்கியிருந்தன. லேசாகப் பிதுங்கியவை சுருங்கியது 13 சதவீதம்தான். ஆக, ரிப்போர்ட்டில் பயங்கரமாகத் தெரிகிறவனுக்குத்தான் அது மறைகிற வாய்ப்பு கூடுதல். காலில் இறங்கும் வலி பெரும்பாலானவர்களுக்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரத்தில் நன்றாகக் குறையும். கீழே நான் சொல்கிற எல்லாம் அந்தப் பன்னிரண்டு வாரத்தை எப்படிக் கடத்துவது என்பதுதான்.

5. படுக்காதே.

எங்கள் காலத்தில் டிஸ்க் என்றால் மூன்று வாரம் பலகையில் படு என்பார்கள். நானும் ஒன்பது நாள் கிடந்தேன். பத்தாம் நாள் எழுந்தபோது கால் இரண்டும் கன்றுக்குட்டிக் கால். 1995ல் ஹெல்சின்கியில் 186 பேரை மூன்று பிரிவாக்கிப் பார்த்தார்கள்: இரண்டு நாள் படுக்கை ஒரு பிரிவு, உடற்பயிற்சி ஒரு பிரிவு, தாங்குகிற அளவுக்கு வழக்கமான வேலை ஒரு பிரிவு. வழக்கமான வேலை பார்த்தவர்கள்தான் சீக்கிரம் தேறினார்கள். முதல் ஒன்றிரண்டு நாள் தாங்க முடியாவிட்டால் படு, தப்பில்லை. முழங்காலுக்குக் கீழே தலையணை வைத்து மல்லாந்து, அல்லது ஒருக்களித்து இரண்டு முழங்காலுக்கும் நடுவே தலையணை. மணிக்கு ஒரு தடவை எழுந்து வீட்டுக்குள் நட. கோணலாக நடந்தாலும் பரவாயில்லை.

6. வலி எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்.

1956ல் நியூசிலாந்தில் ராபின் மெக்கன்சி என்ற பிசியோதெரபிஸ்டிடம் காலில் வலி இறங்கிய ஒருவர் வந்தார். அறைக்குள் போய்க் குப்புறப் படுக்கச் சொன்னார் மெக்கன்சி. முந்தைய நோயாளிக்காகக் கட்டிலின் தலைப்பக்கத்தைத் தூக்கி வைத்திருந்ததை யாரும் கவனிக்கவில்லை. வந்தவர் அப்படியே குப்புறப் படுத்து, இடுப்பு பின்னால் வளைந்தபடி அஞ்சு நிமிஷம் கிடந்தார். மெக்கன்சி பதறிப்போய் வந்து கேட்டால், 'மூணு வாரத்தில் இப்படிச் சுகமாக இருந்ததில்லை' என்கிற மாதிரி பதில். அதிலிருந்து பிறந்ததுதான் இன்று உலகம் முழுக்கச் சொல்லிக்கொடுக்கும் மெக்கன்சி முறை.

குப்புறப் படு. இரண்டு நிமிஷம் சும்மா கிட. பிறகு முழங்கையை ஊன்றி நெஞ்சைத் தூக்கு, புத்தகம் படிக்கிற பிள்ளை மாதிரி. இடுப்பு தரையிலேயே இருக்கட்டும். முடிந்தால் உள்ளங்கையை ஊன்றி மெல்ல உயர்ந்து இறங்கு, பத்துத் தடவை. இப்போது கவனி. வலி பாதத்திலிருந்து முழங்காலுக்கும், முழங்காலிலிருந்து பிட்டத்துக்கும் ஏறி வந்தால், இடுப்பில் கொஞ்சம் கூடினாலும், அது நல்ல சேதி. மாறாக இடுப்பு லேசாகி, காலில் கீழே கீழே இறங்கினால் நிறுத்து. இது உனக்கானது இல்லை. வயசானவர்களுக்கு நரம்புப் பாதை சுருங்கியிருந்தால் பின்னால் வளைவது வலியைக் கூட்டும். அவர்களுக்கு லேசாக முன்னால் சாய்வதுதான் சுகம். ஒருத்தனுக்குச் சொன்ன பயிற்சியை வாட்ஸ்அப்பில் பார்த்து இன்னொருத்தன் செய்யக் கூடாது என்பது இதனால்தான். ஒரே ஒரு தடவையாவது பிசியோதெரபிஸ்டிடம் நேரில் காட்டிக் கற்றுக்கொள்.

7. மாத்திரைக்கு அதன் இடத்தை மட்டும் கொடு.

வலி மாத்திரைகளை டாக்டர் சொன்ன நாளுக்குச் சாப்பாட்டுக்குப் பிறகு போடலாம், நடமாட உதவும். சிறுநீரகம், வயிற்றுப் புண், இருதயம் சம்பந்தப்பட்டவர்கள் மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் போடுவது ஆபத்து. பாராசிட்டமால் மட்டும் திடீர் இடுப்பு வலிக்குச் சர்க்கரை மாத்திரையைவிட மேலாக வேலை செய்யவில்லை என்று 2014ல் ஆஸ்திரேலியாவில் பார்த்தார்கள். நரம்பு மாத்திரை என்று நம் ஊரில் தாராளமாக எழுதித் தரும் பிரிகாபாலினும், 2017ல் வந்த சோதனையில் கால்வலிக்குப் பெரிதாக உதவவில்லை, தலைசுற்றல்தான் கூடியது. ஏற்கெனவே போட்டுக்கொண்டிருக்கிறவர்கள் சட்டென்று நிறுத்திவிடாமல் டாக்டரிடம் கேட்டுக் குறைக்க வேண்டும்.

முதுகில் ஸ்டீராய்டு ஊசி: காலில் இறங்கும் கடுமையான வலிக்குச் சில வாரம் தணிவு தரும். அந்த இடைவெளியில் நடக்கவும் பயிற்சி செய்யவும் முடியும் என்றால் பயன் உண்டு. ஊசி போட்டுக்கொண்டு மறுபடியும் சம்மணம் போட்டு உட்காரத்தான் என்றால் பணம் மிச்சமாகட்டும்.

8. வர்மமும் எண்ணெயும்.

இதைப் பற்றிக் கொஞ்சம் நிறையவே சொல்ல வேண்டும், நாம் இருப்பது குமரி மாவட்டம். இங்கே ஊருக்கு ஊர் ஆசான்கள். தொடுவர்மம் 96, படுவர்மம் 12, ஆக 108 என்று எண்ணிச் சொல்வார்கள். களரியில் விழுந்தவனை எழுப்பிய கை அது. நான் மட்டமாகப் பேச மாட்டேன், என் அப்பாவின் தோளை அப்படித்தான் சரிசெய்தார்கள். கோட்டாறில் அரசு ஆயுர்வேதக் கல்லூரி இருக்கிறது. ஆயுர்வேதத்தில் கடிவஸ்தி என்று ஒரு முறை: உளுந்து மாவைப் பிசைந்து இடுப்பில் வளையமாக அணை கட்டி, அதற்குள் வெதுவெதுப்பான எண்ணெயை ஊற்றி, ஆற ஆற மாற்றி வைத்திருப்பார்கள். கிழி, ஒற்றடம், தடவல் எல்லாம் உண்டு. எனக்குக் கடிவஸ்தி செய்த அன்றைக்கு ராத்திரிதான் ஒரு மாசத்தில் முதல் முழுத் தூக்கம். உலகச் சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாட்பட்ட இடுப்பு வலிக்கு ஆப்பரேஷன் இல்லாத சிகிச்சைகள் பற்றி வெளியிட்ட வழிகாட்டியிலும் மசாஜ் போன்ற கை வைத்தியங்களுக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள்.

ஆனால் நடந்ததைப் பார். எண்ணெயும் கையும் இறுகிய தசையைத் தளர்த்தின, பயத்தையும் தளர்த்தின. ஜவ்வை யாரும் கையால் உள்ளே தள்ளவில்லை, தள்ளவும் முடியாது. "அஞ்சு நிமிஷத்துல ஜவ்வ ஏத்தித் தாரேன்" என்று இடுப்பை முறுக்க வருகிறவனைக் கண்டால் முடிந்த வேகத்தில் வெளியே நட. நல்ல ஆசான் முதலில் உட்காரவைத்துக் கேட்பார், நாடி பார்ப்பார், கால் மரத்திருக்கிறதா என்று விசாரிப்பார், தன் கையில் நிற்காது என்றால் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்வார். கால் பலவீனம் உள்ளவனும், எலும்பு தேய்ந்த மூதாட்டியும் முறுக்கல் பக்கமே போகக் கூடாது.

இன்னொன்று. பெயர் சொல்லாத பொடியைத் தின்னாதே. நான் தின்றேன். வெளியூர் ஒருவரிடம் வாங்கி, காலை ஒரு சிட்டிகை, ராத்திரி ஒரு சிட்டிகை. நாலே நாளில் வலி பறந்தது, ஊரெல்லாம் பெருமை பேசினேன். ஆறு வாரத்தில் முகம் பூரியாக உப்பியது, சர்க்கரை ஏறியது. டாக்டர் என் முகத்தைப் பார்த்ததுமே "என்ன பொடி சாப்பிட்டீங்க?" என்றார். ஸ்டீராய்டு கலந்திருக்கும் என்பது அவர் சந்தேகம். அதைக் குறைத்து நிறுத்த எனக்கு மூன்று மாசம் ஆனது.

9. பெல்ட், இழுவை.

வேண்டாம். அந்த 2023 வழிகாட்டி இரண்டையும் நாட்பட்ட வலிக்கு வழக்கமாகக் கொடுக்கக் கூடாது என்கிறது. திருவனந்தபுரம் வரை பஸ்ஸில் போகிற அன்றைக்கு மட்டும் பெல்ட்டைக் கட்டிக்கொள், வந்ததும் கழற்றிவிடு.

10. பலகையில் படுப்பவர்களுக்கு.

2003ல் ஸ்பெயினில் 313 பேரிடம் பார்த்தார்கள். கல்மாதிரி மெத்தையைவிட நடுத்தர இறுக்கம் உள்ள மெத்தைதான் நல்லது. நல்ல பஞ்சு மெத்தை போதும். ஆயிரக்கணக்கில் விலை சொல்கிற 'டாக்டர் மெத்தை' தேவையில்லை.

11. நட. வலி போன பிறகும் நட.

நான் செய்த பெரிய தப்பு எது என்று கேட்டால், பொடியைவிட இதைத்தான் சொல்வேன்: வலி போனதும் எல்லாவற்றையும் விட்டேன். எட்டு மாசத்தில் மறுபடியும் பிடித்தது. 2024ல் ஆஸ்திரேலியாவில், இடுப்பு வலி வந்து தேறிய 701 பேரை எடுத்துக்கொண்டு ஒரு பிரிவுக்கு நடையைப் படிப்படியாகக் கூட்டச் சொல்லிக் கொடுத்தார்கள். நடந்தவர்களுக்கு அடுத்த வலி வரச் சராசரியாக 208 நாள் ஆனது, நடக்காதவர்களுக்கு 112. இதற்குக் கருவி வேண்டாம், ஃபீஸ் வேண்டாம். கனகமூலம் சந்தையிலிருந்து ஒழுகினசேரிப் பாலம் வரை போய்ப் பழையாற்றைப் பார்த்துவிட்டுத் திரும்பு. முதல் வாரம் பாதி வழியில் திரும்பினால் போதும். விடிகாலையில் போ, பஸ் ஸ்டாண்டு முழித்துவிட்டால் நடக்க இடம் இருக்காது.

அதோடு பாயில் பத்து நிமிஷம். நாலு காலில் நின்று எதிர் எதிர்க் கையும் காலும் நீட்டிப் பத்து எண்ணு. ஒருக்களித்து முழங்கையில் ஊன்றி இடுப்பைத் தூக்கிப் பத்து எண்ணு. மல்லாந்து பிட்டத்தை மட்டும் தூக்கி இறக்கு. மூன்றும் போதும்.

12. பட்டறையில்.

அரக்கு ஆறுகிற நேரத்தில் எழுந்திரு. நமக்குத் தொழிலே மணி அடித்துத் தருகிறது. வெள்ளிக் கூட்டில் அரக்கு வார்த்து, ஆற வைத்து, கல் வைத்து, தங்க ரேக்கு ஒட்டுகிற வேலையில் ஒவ்வொரு கட்டத்திலும் காத்திருக்கிற நேரம் உண்டு. அப்போது பீடி பற்றவைக்காமல் எழுந்து நின்று, இரண்டு கையையும் இடுப்பில் வைத்து அஞ்சு தடவை பின்னால் சாய். பீடிக்கும் ஜவ்வுத் தேய்மானத்துக்கும் தொடர்பு உண்டு, தெரிந்துகொள். அரை மணிக்கு மேல் ஒரே இருப்பு வேண்டாம். நீ கல்லிடம் குனியாதே, கல் உன்னிடம் உயரட்டும்: பட்டறைப் பலகைக்குக் கீழே இரண்டு செங்கல் வை. உட்காருகிற இடத்தில் பிட்டத்துக்கு மட்டும் மடித்த சாக்கு வைத்தால் இடுப்பு தானாக நிமிரும். மூத்த ஆசாரிகள் சிரிப்பார்கள். சிரித்தவர்களில் இருவர் இப்போது செங்கல் வைத்திருக்கிறார்கள்.

பாரம் தூக்குவது பற்றி ஒரு கணக்கு. 1999ல் ஜெர்மனியில் ஒருவர் தன் இடுப்பு ஜவ்வுக்குள்ளேயே அழுத்தமானி பொருத்திக்கொண்டார். நிற்கும்போது இருந்த அழுத்தத்தைப் போல, 20 கிலோவை முதுகை வளைத்துத் தூக்கியபோது நாலரை மடங்கு. முழங்காலை மடக்கித் தூக்கியபோது மூன்றரை மடங்குக்கும் கீழே. நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தால் இரண்டு மடங்கு சொச்சம்தான். சந்தையில் வாழைக்குலை எடுக்கிறவர்களைப் பார், குலையை உடம்போடு ஒட்டித்தான் எடுப்பார்கள்.

13. கத்தியை வெறுக்காதே.

ஆப்பரேஷன் இல்லாமல் தேறியவன் என்பதால் நான் அதற்கு எதிரி என்று நினைக்காதே. 2007ல் நெதர்லாந்தில், ஆறு முதல் பன்னிரண்டு வாரம் கால்வலியில் இருந்த 283 பேரில் பாதிப் பேருக்குச் சீக்கிரமே ஆப்பரேஷன், மீதிப் பேருக்குக் காத்திருப்பு. கத்தி வைத்தவர்களுக்கு வலி சீக்கிரம் போனது. ஒரு வருஷம் கழித்து இரண்டு பக்கமும் 95 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். காத்திருந்தவர்களில் 39 சதவீதம் பேர் இடையில் தாங்க முடியாமல் ஆப்பரேஷனுக்குப் போனார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை. மூன்று மாசம் ஒழுங்காகச் செய்தும் தூங்க முடியவில்லை, வேலைக்குப் போக முடியவில்லை என்றால் போ, அதில் தோல்வி ஒன்றும் இல்லை. காலில் வலி இல்லாமல் இடுப்பு மட்டும் வலிக்கிறவன்தான் இரண்டாவது டாக்டரிடமும் கேட்டுவிட்டு முடிவெடுக்க வேண்டும்.

14. நடக்க முடியாதவர் வீட்டில் இருந்தால்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கிறார்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேள். கேட்க வெட்கப்பட்டே பலர் படுத்திருக்கிறார்கள்.

15. சின்ன விஷயங்கள் இரண்டு.

வலி இருக்கிற வாரங்களில் குத்தவைக்கிற கக்கூஸ் வேண்டாம். நடுவில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் நாற்காலி விற்கிறார்கள், வாங்கி அதன்மேல் வை. மலம் இறுகாமல் பார்த்துக்கொள், முக்கினால் கால் வரை மின்னும்.

தும்மல் வரும்போது குனியாதே. சுவரிலோ மேசையிலோ ஒரு கையை ஊன்றி, முழங்காலை லேசாக மடக்கி, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தும்மு. எனக்கு இரண்டாம் தடவை பிடித்தது தும்மலில்தான். நம் ஊருக்கு வருஷத்தில் இரண்டு மழை, இரண்டு ஜலதோஷம். சுவர் எந்தப் பக்கம் இருக்கிறது என்று இப்போதே பார்த்து வைத்துக்கொள்.